நாற்பது நாடுகளுக்கு ஒரு காயில்

பெரிய கம்பெனி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சின்னக் கம்பெனியிடம் சாமான் இருக்கும். பெரிய கம்பெனியிடம் சாமான் இருக்காது. அது எங்கே இருக்கிறது என்கிற தகவல் இருக்கும். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு நான் சொல்லப்போகும் விஷயத்தில் யார்மீதும் கோபம் வராது. எனக்கு இன்னும் வருகிறது. நான் படித்தது குறைவு, அதனால் இருக்கலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது நாடுகளில் கிளை வைத்திருக்கும் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பதினேழு வருடமாக வேலை. அதே கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர், என் அக்கா புருஷன். நான் அவரை மாமா என்பேன். கம்பெனியில் மற்றவர்கள் ‘பூட்டு’ என்பார்கள். முப்பத்தோரு வருடத்தில் அவர் கிடங்கிலிருந்து ஒரு வாஷர்கூட ரசீது இல்லாமல் வெளியே போனதில்லை. கை கழுவப் போனால்கூட சாவிக்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு போவார் என்று கேலி பேசுவார்கள். அது பொய். இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவார்.

அந்தக் கிடங்கில் முன்பு இருபது அலமாரி, எல்லாவற்றிலும் கழுத்துவரை சாமான். கேட்டால் மாமா கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். இப்படி ஒழுங்காக நடக்கிற காரியம் தலைமையகத்தின் கண்ணில் பட்டால் சும்மா விடுவார்களா? மூன்று கடல் தாண்டியிருக்கும் தலைமையகம் ஓர் அதிகாரியை அனுப்பி வைத்தது. அவருடைய பதவி ‘அகில உலகக் கையிருப்புச் சீரமைப்பு மற்றும் ஒருங்கிணைப்பு மண்டல அதிகாரி’. விசிட்டிங் கார்டின் முன்பக்கம் முழுவதையும் பதவியே பிடித்துக்கொண்டதால் பெயரைப் பின்பக்கம் அச்சடித்திருந்தார்கள். நாங்கள் யாரும் கார்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. ‘சீரமைப்பு’ என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

சீரமைப்புக்கு வயது முப்பதுக்குள். ஷூ உண்டு, சாக்ஸ் கிடையாது. பேன்ட் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். துணியில்கூட கையிருப்பைக் குறைத்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வந்த அன்றே எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். உட்கார்ந்திருக்கும் சாமான் ஒரு நோய்; ஓடிக்கொண்டிருக்கும் சாமான்தான் ஆரோக்கியம்; இனி உலகம் முழுவதும் ஒரே கிடங்கு. நாங்கள் கை தட்டினோம். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒருவர் நின்றிருந்தார்.

பிறகு கணக்கு வந்தது. நாற்பது கிளையும் தலைக்கு ஐந்து பிரேக் காயில், அதாவது லிஃப்ட் பிரேக்கை இயக்கும் கம்பிச்சுருள், வைத்திருக்கின்றன. ஆக இருநூறு. உலகத்தில் ஒரே நேரத்தில் இருநூறு காயிலா எரிகிறது? இல்லை. ஒன்று எரியும். அப்படியானால் ஒன்று போதும். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் பழைய இரும்புக்குப் போனது. மிச்சமான ஒற்றைக் காயில் குலுக்கல் முறையில் எங்கள் கிடங்குக்கு விழுந்தது. எந்தக் கிளையில் கம்ப்யூட்டரைத் தட்டினாலும் ‘கையிருப்பு: 1’ என்று காட்டும். தலைமையகம் நாற்பது ஒன்றையும் கூட்டி, ஆண்டறிக்கையில் நாற்பது என்று போட்டது. ஒன்றை நாற்பதாக்கியவருக்குப் பதவி உயர்வு கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தார்கள்.

காலியான கிடங்கில் ஊழியர் நலனை முன்னிட்டு பேட்மின்டன் வலை கட்டினார்கள். வலைக்கு அந்தப் பக்கம் பதினாலாம் எண் அலமாரி மட்டும் நின்றது. அதில் ஓர் அட்டைப்பெட்டி. அதைக் காவல் காக்க மாமா.

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டிய நிபுணர் ஐந்து மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவார். அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்கு என்று நாள் குறித்து, அக்காவைத் தரைத்தளத்து வார்டில் சேர்த்திருந்தோம். ஆபரேஷன் தியேட்டர் ஆறாவது மாடி. அதற்கு எட்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை அந்த ஆஸ்பத்திரியின் ஒரே லிஃப்ட் நின்றது. எங்கள் கம்பெனி லிஃப்ட். பார்க்கப் போனவன் நான்.

பிரேக் காயில் எரிந்திருந்தது. லிஃப்டின் பிரேக் எப்போதும் இறுகப் பிடித்தபடிதான் இருக்கும். காயிலில் கரண்ட் ஓடினால்தான் பிடியை விடும். காயில் போனால் லிஃப்ட் அசையாது. முன்பெல்லாம் எரிந்த காயிலுக்கு எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரத்தில் புதுக்கம்பி சுற்றித் தருவார்கள். சொல்லப்போனால் கம்பெனிக்குப் புதுக்காயில் செய்து கொடுத்ததும் அவர்கள்தான். உலகத்துக்கே ஒன்று போதும் என்று ஆனபிறகு அந்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள்; அதைச் சுற்றத் தெரிந்தவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. இப்போது அங்கே நாய்களுக்கு முடி வெட்டி வாசனை அடிக்கிறார்கள். நல்ல கூட்டம்.

வார்டு டாக்டரிடம் போனேன். ஸ்ட்ரெச்சரில் வைத்து நாலு பேர் தூக்கிப் போகலாமா என்று கேட்டேன்.

“படி குறுகல். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஸ்ட்ரெச்சரை நிமித்தணும். பன்னெண்டு திருப்பம் இருக்கு. உங்க அக்கா மூணாவதுலயே முடிஞ்சுடுவாங்க” என்றார்.

“அடுத்த தடவை அந்தப் பெரிய டாக்டர் வரும்போது?”

அவர் அக்காவின் கேஸ் ஷீட்டை மூடி வைத்தார். அக்காவிடம் ஐந்து மாதம் கிடையாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நேராகக் கிடங்குக்கு ஓடினேன்.

“மாமா, பிரேக் காயில் இருக்கா?”

“இருக்கு.”

“குடுங்க.”

“குடுக்க முடியாது.”

“எதுக்குன்னு தெரியுமா? ஆஸ்பத்திரி லிஃப்ட் மாமா. அக்கா மேல போகணும்ல?”

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். “இங்க பாரு மச்சான். இது இந்த மாசம் வடகோடிக் கிளைக்கு ஒதுக்கியிருக்கு. பூமியோட வடகோடில பனி கொட்டுற நாடு.”

“அவங்க கேட்டாங்களா?”

“கேக்கல. மாசம் ஒரு கிளைன்னு முறை வச்சு ஒதுக்கீடு சுத்தும்; சாமான் இங்கேயேதான் இருக்கும். போன மாசம் நம்ம முறை. போன மாசம் லிஃப்ட் கெட்டிருந்தா ஒரு பிரச்னையும் இல்ல.”

“அதை லிஃப்ட் கிட்ட யாரும் சொல்லலையே!”

“கத்தாத. விண்ணப்பம் போடுறேன்.”

போட்டார். பத்து நிமிடத்தில் மண்டல மையத்திலிருந்து பதில் வந்தது. ‘தாங்கள் கோரும் பொருள் தங்களுக்கு மிக அருகில், தங்களிடமே உள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எனினும் அனுப்பும் இடமும் பெறும் இடமும் ஒன்றாக இருத்தல் ஆகாது என்ற விதியின்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தாங்கள் வேறு இடத்தில் இருந்துகொண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.’

“நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நானே எடுத்துக்கறேன்” என்றேன்.

“காணாமப்போனா அடுத்த நிமிஷம் என் வேலை போயிடும். ஆபரேஷன் செலவை ஏத்துக்கறோம்னு கம்பெனி குடுத்திருக்கிற கடிதமும் அதோட செல்லாது. அப்புறம் லிஃப்ட் ஓடி என்ன பண்றது?” என்று சொல்லிவிட்டு மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதுவும் போக, முப்பத்தோரு வருஷம் மச்சான்.”

இரண்டாவதாகச் சொன்ன காரணம்தான் முதல் காரணம் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு பேரும் சீரமைப்பின் அறைக்குப் போனோம். கண்ணாடி அறை. மேசைமேல் ஒரு காகிதம்கூட இல்லை. அவர் எங்கள் பேச்சை முழுவதும் கேட்டார், முகம் மலர்ந்தது.

“ரொம்ப சந்தோஷம். நம்ம அமைப்பு எவ்வளவு கச்சிதமா வேலை செய்யுது பாத்தீங்களா? பத்தே நிமிஷத்துல காயில் எங்க இருக்குன்னு சொல்லிடுச்சு.”

“எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியுமே சார். பக்கத்துலதான் நிக்கறோம்.”

“உங்களுக்குத் தெரியறது வேற, அமைப்புக்குத் தெரியறது வேற. கவலைப்படாதீங்க. காயிலை வடகோடிக்கு அனுப்புவோம். அங்கேருந்து உங்களுக்கு அனுப்புவாங்க. கப்பல்ல போக இருபத்திமூணு நாள், வர இருபத்திமூணு நாள்.”

“ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை சார். விமானத்துல அனுப்பக்கூடாதா?”

சீரமைப்பு சட்டையில் குத்தியிருந்த பச்சை வில்லையைத் தொட்டுக் காட்டினார். பூமியைக் காப்போம் என்று எழுதியிருந்தது. “நம்ம சரக்கு எதுவும் விமானத்துல போகாதுன்னு கம்பெனி உறுதிமொழி எடுத்திருக்கு. புகை.”

“போன வாரம் நீங்க விமானத்துலதானே மாநாட்டுக்குப் போனீங்க?”

“நான் சரக்கு இல்லையே” என்றார். அதை மறுக்க எங்களிடம் ஆதாரம் இல்லை.

ஆனால் அவரை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வியாழக்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தார். அனுப்பும் இடமும் பெறும் இடமும் வேறாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே? பதினாலாம் அலமாரியை வடகோடிக் கிளையின் பகுதியாக அறிவித்துவிட்டால் போயிற்று! அங்கிருந்து வலைக்கு இந்தப் பக்கம் காயிலை எடுத்து வைத்தால் அது ஏற்றுமதி. நாம் வாங்கிக்கொண்டால் இறக்குமதி. கப்பலும் வேண்டாம், புகையும் இல்லை. தலைமையகம் அன்றே ஒப்புதல் கொடுத்தது. பேட்மின்டன் வலை எல்லைக்கோடு ஆனது.

வெள்ளிக்கிழமை மாமா வழக்கம்போல அலமாரியைத் துடைக்கப் போனபோது காவலாளி தடுத்தார். அந்தப் பக்கம் இப்போது வடகோடி; வடகோடியில் வேலை செய்கிறவர்கள் கம்பளிக் கோட்டும் பனி பூட்ஸும் அணிய வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. தகரக் கூரை அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா முழங்கால்வரை தொங்கும் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட வலையைத் தூக்கி நுழைந்து, அட்டைப்பெட்டியைத் தூசி தட்டிவிட்டுத் திரும்பினார். ஆர்வத்தில் காயிலை எடுத்துக்கொண்டே வந்துவிடலாமா என்று கேட்டேன். வடகோடியில் அன்று பொது விடுமுறை என்றார்கள்.

சனியும் ஞாயிறும் எங்களுக்கு விடுமுறை. திங்கட்கிழமை சுங்க அதிகாரி வந்தார். எல்லை என்று ஒன்று இருந்தால் அவர் வராமல் எப்படி? நடுவர் உட்காரும் உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பெட்டியைக் கொண்டு வரச் சொன்னார். கோட்டுப் போட்ட மாமா கொண்டு வந்தார். அதிகாரி லேபிளை இரண்டு முறை படித்தார்.

“இது எங்க செஞ்சது?”

“இங்கதாங்க. இந்தச் சுவருக்குப் பின்னால.”

“அப்போ உள்நாட்டுத் தயாரிப்பு. உள்நாட்டுல கிடைக்கிற பொருளை இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது.”

“இப்ப கிடைக்கலங்களே! அங்க நாய்க்கு முடி வெட்டறாங்க.”

“கிடைக்கலன்னு எழுத்துமூலம் யார் குடுப்பாங்க? தயாரிப்பாளர்தானே குடுக்கணும்? அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“அவர் மூடிட்டுப் போயிட்டாருங்க. எங்க போனாருன்னே தெரியாது.”

“அவர் வர்ற வரைக்கும் இது எல்லையில காத்திருக்கட்டும்” என்று பெட்டிமேல் ஒரு சிவப்பு முத்திரை குத்தி, அதைத் திரும்பவும் அலமாரியில் வைக்கச் சொன்னார். மாமா வலையைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனார். எனக்கு அந்த நாற்காலியை உதைத்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. தள்ளவில்லை. அரசு ஊழியர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அக்காவைப் பார்க்கப் போனோம். தலையணையில் சாய்ந்து, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் மாமா வரிசையாக, தேதி மாறாமல் சொன்னார். விண்ணப்ப எண்களைக்கூட விடவில்லை. அக்கா முழுவதும் கேட்டாள்.

“இப்ப அந்த சாமான் எங்க இருக்கு?”

“அலமாரியில.”

“சாவி?”

மாமா இடுப்பைத் தொட்டுக்கொண்டார்.

“முப்பது வருஷமா வீட்டுல ஒரு டப்பா மூடியைத் திறக்கச் சொன்னாக்கூட ‘இது யார் வச்சது’ன்னு கேக்கற மனுஷன் நீங்க. நான் ஒன்னும் சொன்னதில்ல. உங்களைத்தான் கட்டிக்கிட்டேன், உங்க கம்பெனியை இல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் மேல இருக்கணும். அவ்வளவுதான்” என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு ஏழு எட்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, “நீ ஏன்டா அழற? நீ லிஃப்டை ரெடி பண்ணு” என்றாள்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நான் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் இருந்த லிஃப்ட் மெஷின் அறையில் பழைய காயிலைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. மாமா. கம்பளிக் கோட்டோடு வந்திருந்தார். எட்டு மாடி ஏறிய இரைப்பு. கோட்டுக்குள்ளிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். அழுதிருந்தார் என்று தெரிந்தது.

“முறைப்படி கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் எடுத்தேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பெட்டியைப் பிரித்தேன். பத்து இருபதுக்கு லிஃப்ட் ஓடியது. பத்தரைக்கு அக்கா ஆறாவது மாடியில் இருந்தாள். சாயங்காலம் நிபுணர் வெளியே வந்து, வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது என்றார். மாமா அப்போதுதான் கம்பளிக் கோட்டைக் கழற்றினார்.

மறுநாள் இரண்டு பேரும் வேலை நீக்க உத்தரவை வாங்கிக்கொள்ளத் தயாராகவே போனோம். காயில் அலமாரியைவிட்டுப் போன அந்த நிமிடத்திலேயே நாற்பது நாட்டுக் கம்ப்யூட்டர்களிலும் ஒன்று என்பது பூஜ்யமாகிவிட்டது. தலைமையகத்தில் பெரிய பரபரப்பு. சீரமைப்பு எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“உலகத்துலயே முதல் முறை! ஒரு கம்பெனி, நாற்பது நாடு, முழுப் பூஜ்யம்! நான் மூணு வருஷம் ஆகும்னு திட்டம் போட்டிருந்தேன். நீங்க ஒரே காலையில முடிச்சிட்டீங்க!”

“சார், அது ரசீது இல்லாம...”

“ரசீது எதுக்கு? சாமானே இல்லாதப்ப ரசீது எதுக்கு?”

விழா எடுத்தார்கள். வலையைக் கழற்றிவிட்டு மேடை போட்டார்கள். சீரமைப்பைக் கண்டம் முழுவதற்கும் அதிகாரியாக உயர்த்தினார்கள். மாமாவுக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம், நடுவில் பெரிய பூஜ்யம். கைதட்டல் ஓயவே இல்லை. நானும் தட்டினேன், உண்மையாகவே தட்டினேன். எங்கள் வேலை பிழைத்தது, அக்கா பிழைத்தாள். முட்டாள்தனம் நம் பக்கம் சாயும்போது அதில் என்ன தப்பு என்று அன்று எனக்குத் தோன்றியது.

அக்கா வீடு திரும்பிய நாலாம் நாள் மாமா ஆபீஸிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். வடகோடிக் கிளையின் ஸ்டோர் கீப்பர், மாமாவின் பதவிப் பெயருக்கு அனுப்பியது. மண்டல மையத்தில் மொழிபெயர்த்து இணைத்திருந்தார்கள். மாமா வாய்விட்டுப் படித்தார்.

‘எங்கள் கிளைக்கு இந்த மாதம் ஒதுக்கப்பட்ட ஒரு காயில் புதன்கிழமையிலிருந்து கணக்கில் காணவில்லை. இங்குள்ள ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மறுநாள் நின்றுவிட்டது. ஆபரேஷனுக்காகக் கீழே காத்திருப்பவள் என் மகள். நான் இருபத்தெட்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். என் கிடங்கில் ஒரு சிறு பொருளும் தவறியதில்லை. ஆகவே பிசகு தங்கள் பக்கம் இருக்கக்கூடுமோ என்று பணிவுடன் கேட்கிறேன். தாங்களும் ஒரு ஸ்டோர் கீப்பர் என்பதால் என் நிலை தங்களுக்குப் புரியும்.’

மாமா கடிதத்தை மேசைமேல் வைத்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி லிஃப்டிலிருந்து காயிலைக் கழற்றி அனுப்பலாம். ஆனால் இப்போது அதில் வேறு யாரோ மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள். அனுப்பினாலும் இருபத்திமூன்று நாள். உண்மையை எழுதினால் கேடயம் திருட்டாகிவிடும். இதை எல்லாம் நான் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். மாமாவும் அதையேதான் அடுக்கிக்கொண்டிருந்திருப்பார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசை முன்னால் உட்கார்ந்தார். எழுதுவதும் கிழிப்பதுமாக அரை நாள் போனது. கடைசியில் மூன்று வரி நின்றது.

‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிடும் பொருள் இக்கிளையின் கையிருப்பில் இல்லை. பிற கிளைகளில் விசாரித்துக்கொள்ளவும்.’

என்னிடம் நீட்டினார். நான் படித்துவிட்டு, ‘விசாரித்துக்கொள்ளவும்’ என்பதற்கு முன்னால் ‘தயவுசெய்து’ என்று சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்.

அக்கா கை நீட்டி அதை வாங்கி மெதுவாகப் படித்தாள். இப்போது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசாம்?”

“எழுதல.”

“நீங்களும் கேக்காதீங்க” என்று சொல்லி, கடிதத்தை இரண்டாக மடித்து மாமாவிடம் கொடுத்தாள்.